இரண்டு போவேட் போடலாமா? ஊர் உதைபந்தாட்ட அணி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி

ஒரு மட்ச் தோற்றால் போதும், கோட்டுக்கு வெளியே நிற்கிற எல்லோரும் கோச் ஆகிவிடுவார்கள். "முன்னுக்கு ஒருத்தனைத் தனிய விட்டா அவன் என்னடா செய்வான், ரெண்டு பேரைப் போட்டிருக்க வேணும்" என்பார்கள். அடுத்த மட்சுக்கு இரண்டு பேரைப் போட்டுத் தோற்றால் அதே ஆட்களே "நடுவில ஆள் இல்லை" என்பார்கள். இரண்டு பேச்சுமே உண்மையாக இருக்கலாம், அதுதான் சிக்கல். வன்னியில் துணுக்காய், மல்லாவிப் பக்கம் பல வருடமாகப் பெடியளோடு மைதானத்தில் நிற்கிறவன் என்ற முறையில், எப்போது இரண்டு போவேட் (முன்னுக்கு நின்று கோல் அடிக்கிறவர்கள்) போடலாம், எப்போது போடக்கூடாது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் எத்தனை பேர் ஆடும் தொடர் என்று பாருங்கள். எங்கள் பக்கம் 11 பேர் ஆட்டத்தைவிட 7 பேர், 9 பேர் கொண்ட விலகல் முறைத் தொடர்கள்தான் அடிக்கடி நடக்கும். 11 பேர் என்றால் கோலியை விட்டுப் பத்துப் பேர், அதில் இரண்டு பேரை முன்னுக்கு விடுவது ஐந்தில் ஒரு பங்கு. 7 பேர் ஆட்டத்தில் கோலியை விட்டால் ஆறு பேர்தான், இரண்டு பேரை முன்னுக்கு நிறுத்தினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், மிச்சம் நாலு பேர்தான் பந்தைப் பறிக்கவும் வேண்டும், கொண்டுவரவும் வேண்டும். அதனால் 7 பேர் தொடருக்கு நான் இரண்டு போவேட் போடுவதேயில்லை, கடைசிப் பத்து நிமிடம் பின்தங்கியிருந்தால் மட்டும் போடுவேன். 9 பேர் என்றால் யோசிக்கலாம். 11 பேர் என்றால் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

சரி, இரண்டு போவேட்டால் என்ன கிடைக்கும்? ஒருவன் மட்டும் முன்னுக்கு நின்றால் எதிரணியின் இரண்டு ஸ்ரொப்பர்களில் (கோலிக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவர்கள்) ஒருவன் அவனோடு மல்லுக்கு நிற்பான், மற்றவன் ஐந்தடி பின்னால் சும்மா நின்று தவறுவதை எல்லாம் பொறுக்குவான். அந்தச் சும்மா நிற்கிறவன்தான் உங்கள் எதிரி. இரண்டு பேர் நின்றால் அவனுக்கும் ஒரு ஆளைப் பார்க்க வேண்டிய வேலை வந்துவிடும், பொறுக்குவதற்கு ஆள் இருக்காது. உடனே அவர்கள் ஓரத்து பெக்கில் ஒருவனை உள்ளே கூப்பிடுவார்கள், அப்போது ஓரத்தால் ஓடுகிற உங்கள் விங்குக்கு முன்னால் வெறும் தரை கிடக்கும். கோல் அடிப்பது விங்கால் வந்தவனாகக்கூட இருக்கலாம், ஆனால் அந்தத் தரையைத் திறந்து கொடுத்தது இரண்டாவது போவேட்.

ஆனால் இது நடக்க இரண்டு பேரும் இரண்டு விதமாக இருக்க வேண்டும்: ஒருவன் உயரப் பந்தை வாங்குகிற நெட்டையன், மற்றவன் அவன் கீழே போடுவதை எடுக்கிறவன். இங்கேதான் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். ஒரு தொடரின் இறுதிப் போட்டிக்கு எங்களிடம் இருந்த இரண்டு நல்ல ஓட்டக்காரர்களையும் முன்னுக்கு விட்டேன். இரண்டு பேரும் ஒரே பந்துக்கு ஓடினார்கள், இரண்டு பேரும் ஒரே பக்கம் விலகினார்கள், முதல் பாதி முழுக்க எங்கள் பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் போய் ஒரு தடவைகூட நிற்கவில்லை. இரண்டு பேராகத் தெரிந்தார்கள், வேலை ஒருவனுடைய வேலைதான் நடந்தது. இரண்டு நெட்டையர்களை விட்டாலும் அப்படித்தான்: இரண்டு பேரும் மேலே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், கீழே விழும் பந்து எதிரணிக்கு.

உங்களிடம் சோடி இருக்கிறதா என்று பார்க்க ஒரு பின்னேரம் போதும். மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்து நீங்களே 20 பந்து உயர்த்தி அடியுங்கள். கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்கு வெளியே இரண்டு போவேட், எதிரே இரண்டு ஸ்ரொப்பர். பந்தைப் பார்க்காதீர்கள். பந்துக்கு எழும்பாத மற்றப் பெடியனின் காலைப் பாருங்கள். நெட்டையன் எழும்புகிற அந்த நேரத்தில் இவன் நின்று வேடிக்கை பார்க்கிறானா, அல்லது அவன் முதுகுக்குப் பின்னால் ஏற்கனவே இரண்டடி வைத்துவிட்டானா? எங்களிடம் ஒரு சின்னப் பெடியன் இருந்தான், பள்ளிக்கூடச் சப்பாத்தோடு வந்து ஆடுவான், நெட்டையனின் தோள் அசையும்போதே இவன் குதிக்கால் தரையை விட்டு எழும்பிவிடும். பந்து எங்கே விழும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நெட்டையன் நெஞ்சில் வாங்கிக் கீழே போட, செம்மண் புழுதிக்குள் இவன் காலடியில் பந்து கிடக்கும். 20 பந்தில் ஏழு எட்டாவது இப்படி இரண்டாமவனிடம் வந்தால் உங்களிடம் சோடி இருக்கிறது. இரண்டு மூன்றுதான் வந்தால் இன்னும் பழக வேண்டும், அல்லது ஆளை மாற்றிப் பார்க்க வேண்டும். வேகத்தை வைத்துச் சோடி சேர்க்காதீர்கள், இதை வைத்துச் சேருங்கள்.

பெரிய ஆட்டங்களிலும் இதுதான் கதை. 2015-16இல் லெஸ்டர் சிட்டி இங்கிலாந்து பிரீமியர் லீக்கை வென்றபோது ஜேமி வார்டி 24 கோல் அடித்தார், அதில் தொடர்ந்து 11 மட்சில் கோல் போட்ட சாதனையும் உண்டு. அவரோடு முன்னால் ஆடிய ஜப்பான்காரர் ஷின்ஜி ஒகசாகி அந்த லீக்கில் அடித்தது 5 கோல்தான். எங்கள் ஊரில் என்றால் அவரைப் பெஞ்சில் இருத்தியிருப்பார்கள். ஆனால் எதிரணியின் பெக்கைத் துரத்துவது, வார்டி ஓடுவதற்கு முன் ஸ்ரொப்பரை இழுத்துக்கொண்டு போவது, பந்து போனதும் நடுவுக்கு இறங்கி வந்து நிற்பது எல்லாம் அவர் வேலை. அதனால் இரண்டாவது போவேட்டை கோல் கணக்கை வைத்து அளக்காதீர்கள், பெடியனின் தகப்பன் வந்து "ஏன் அண்ணை இவன் கோல் போடுறானில்லை" என்று கேட்டாலும்கூட. அதற்கு முந்திய தலைமுறையில் 1998-99 மான்செஸ்டர் யுனைட்டட் சோடி டுவைட் யோர்க், அன்டி கோல். அந்த லீக்கில் யோர்க் 18, கோல் 17. அங்கே கோல்கள் பாதிக்குப் பாதி பிரிந்தன, அப்படியும் ஒரு சோடி அமையும். ஒருவன் பந்தை விட்டுவிட மற்றவன் எடுப்பதும், எடுத்தவன் திரும்பத் தட்டிவிடுவதும் அவர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி.

இனி விலை. நடுவில் ஒருவன் குறைவான், இதற்கு மருந்து கண்டுபிடிக்காமல் இரண்டு போவேட் போடாதீர்கள். லெஸ்டருக்கு நடுவில் கான்டே இருந்தார், இரண்டு பேர் ஓட வேண்டிய தூரத்தை ஒருவராக ஓடினார். எங்களிடம் கான்டே இல்லை. அதனால் நான் பெடியளுக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: பந்து எங்கள் கையை விட்டுப் போனதும் இரண்டு போவேட்டில் ஒருவன் திரும்பி ஓடி வந்து, எதிரணியில் பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற அந்த ஒருவனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பந்தைப் பறிக்கக்கூட வேண்டாம், வாங்க விடாமல் நின்றால் போதும். எவன் வருவது? கிட்ட நிற்கிறவன் வருவது என்று விட்டால் இரண்டு பேரும் மற்றவன் வருவான் என்று நிற்பார்கள். பெயர் சொல்லி ஒருவனிடம் கொடுத்துவிடுங்கள். இதைப் பழக்குவது லேசு. செருப்பு நாலை வைத்து நடுவில் ஒரு சதுரம் போடுங்கள், பந்து எதிரணிக்குப் போனதும் நீங்கள் கையைத் தட்டுங்கள், ஐந்து எண்ணுவதற்குள் அவன் அந்தச் சதுரத்துக்குள் காலை வைத்திருக்க வேண்டும். வராவிட்டால் ஆட்டத்தை நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். முதல் கிழமை எரிச்சலாக இருக்கும், மூன்றாம் கிழமை கைதட்டாமலே வருவான்.

அப்புறம் காற்று. இதை வெளியூர்க்காரர் எழுதுவதில்லை, ஆனால் வன்னியில் ஆடுகிற எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஆனி, ஆடி, ஆவணியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது மைதானம் காய்ந்து ஓட்டுத் துண்டு மாதிரி இருக்கும், மாடு நடந்த குளம்படி எல்லாம் இறுகிப் பந்து எங்கே துள்ளும் என்று சொல்ல முடியாது. காற்றை முதுகில் வைத்து ஆடுகிற பாதியில் உயர அடித்த பந்து இரண்டு போவேட்டையும் தாண்டிப் போய்க் கோலியின் கையில் விழும், அல்லது கோட்டைத் தாண்டிப் பற்றைக்குள் போகும். அந்தப் பாதியில் இரண்டு பேரைப் போட்டாலும் பந்தைத் தரையோடு காலுக்குக் கொடுங்கள். காற்றுக்கு எதிரே ஆடும்போதுதான் பந்து மேலே தயங்கி நின்று செங்குத்தாக விழும், நெட்டையன் நின்று வாங்க அது நல்ல பந்து, ஆனால் இரண்டாமவன் அவனுக்கு முன்னால் ஓடிப்போய் நிற்கக்கூடாது, பின்னால், எங்கள் கோல் பக்கமாக நாலைந்து அடி தள்ளி நிற்க வேண்டும், ஏனென்றால் காற்று பந்தைத் திருப்பிக் கொண்டுவரும். நாணயம் சுண்டி வென்றால் எந்தப் பக்கம் எடுப்பது என்பதையும் இதை வைத்தே முடிவெடுங்கள். ஐப்பசிக்குப் பிறகு மாரி மழையில் சேறாகிவிட்டால் எனக்கு இரண்டு போவேட்தான் விருப்பம்: சேற்றில் ஸ்ரொப்பர் திரும்ப நேரம் எடுப்பான், பந்து தண்ணீரில் நின்றுவிடும், நின்ற பந்துக்குப் பக்கத்தில் ஆள் கூட இருக்கிற அணிக்குத்தான் லாபம்.

ஓஃப் சைட் பற்றி, அதாவது பந்து அடிக்கும்போது எதிரணி பெக்குகளுக்குப் பின்னால் நின்று வாங்குகிற பிழை பற்றி, ஒரு வார்த்தை. சின்னத் தொடர்களில் ஓஃப் சைட் பார்ப்பார்களா இல்லையா என்பதை மட்சுக்கு முன்பே நடுவரிடம் கேட்டுவிடுங்கள், பிறகு சண்டை பிடித்துப் பலனில்லை. பார்க்கிறார்கள் என்றால் உங்கள் போவேட் கடைசிக்கு முந்திய எதிராளியோடு நேர்கோட்டில் நிற்கலாம், 1990இலிருந்து அது பிழை இல்லை. அதைவிடப் பெரிய விசயம், வெளியே போன பந்தைக் கையால் எறிகிற த்ரோவிலிருந்து நேரே வாங்கினால் ஓஃப் சைட் கிடையாது. கோல் கிக்குக்கும் கோர்னருக்கும் அப்படித்தான். பாதிப் பெடியளுக்கு இது தெரியாது. இரண்டு போவேட் இருந்தால் நீளமாக எறிகிற ஒருவனைத் தேடி வையுங்கள். எறியும் நேரத்தில் ஒருவன் எறிகிறவனை நோக்கி ஓடி வர, ஸ்ரொப்பரும் கூட வருவான், மற்றவன் பெக்குகளுக்குப் பின்னால் போய்ச் சும்மா நிற்கலாம். அவனுக்கு எறிந்தால் நடுவர் ஊத முடியாது. எதிரணி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

ஒரு பயம் எனக்கு எப்போதும் உண்டு, இரண்டு பேரை நம்பி எல்லாவற்றையும் கட்டினால் ஒருவன் வராத நாளில் என்ன செய்வது? ரொறன்ரோவில் இருக்கிற என் மருமகன் அமெரிக்கன் ஃபுட்போல் பைத்தியம், அவனுடைய ஆட்டத்திலும் இதே கேள்வி இருக்கிறதாம். அங்கே டைட் எண்ட் என்று ஒரு இடம், வரிசையின் ஓரத்தில் நின்று எதிராளியை மறிக்கவும் வேண்டும், ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும். 2011இல் நியூ இங்கிலாந்து அணி பந்து பிடிக்கக்கூடிய இரண்டு டைட் எண்டை ஒரே நேரத்தில் இறக்கியது. எதிரணி பெரிய உடம்புக்காரரைப் போட்டால் இவர்கள் ஓடிப் பிடிப்பார்கள், சின்ன வேகக்காரரைப் போட்டால் மறித்துத் தள்ளுவார்கள். அதில் ஒருவரான ரொப் கிரொன்கௌஸ்கி அந்த ஒரு வருடத்தில் 17 தடவை பந்தைப் பிடித்து டச்டவுன், எங்கள் கோல் மாதிரி, போட்டார். ஆனால் இறுதிப் போட்டிக்கு முந்திய மட்சில் அவருக்குக் கணுக்கால் பிசகியது, 2012 பெப்ரவரியில் நடந்த அந்த இறுதிப் போட்டியான சூப்பர் போலில் நொண்டிக்கொண்டு ஆடி இரண்டே இரண்டு பந்துதான் பிடித்தார், அணி 21-17 என்று தோற்றது. மருமகன் இதைச் சொன்னபோது எனக்குச் சிறுபோக அறுவடைதான் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் நெட்டையன் வயலுக்குப் போய்விட்டால் முழுத் திட்டமும் படுத்துவிடும். அதனால் மூன்றாவது ஒருவனை எப்போதும் கூடப் பழக்குங்கள், ஸ்ரொப்பராக ஆடுகிற நெட்டையன் ஒருவனைக் கிழமைக்கு ஒரு நாளாவது முன்னுக்கு விட்டுப் பாருங்கள்.

மட்ச் தொடங்கியபிறகு முதல் 15 நிமிடம் கோட்டில் நின்று எண்ணுங்கள். எங்கள் பெக் அடித்த பந்து முன்னுக்குப் போய் எத்தனை தடவை எங்கள் காலில் நின்றது? எதிரணியின் நடு ஆட்டக்காரன் எத்தனை தடவை தலை நிமிர்த்தி, யாரும் கிட்ட வராமல், நிதானமாகப் பார்த்துப் பந்தைக் கொடுத்தான்? இரண்டாவது எண் முதலாவதைவிடக் கூடிக்கொண்டு போனால் இடைவேளை வரை காத்திருக்காதீர்கள். ஆளை வெளியே எடுக்கவும் தேவையில்லை, இரண்டாவது போவேட்டைப் பத்து யார் பின்னுக்கு இறக்கி நடுவில் மூன்றாவது ஆளாக நிறுத்துங்கள். அவனைக் கூப்பிடும்போது எல்லோருக்கும் கேட்கக் கத்த வேண்டாம். பந்து வெளியே போகும்போது கோட்டுக்கு வரச்சொல்லி, தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுத்து, "தம்பி, நீ நல்லாத்தான் ஆடுறாய், அந்தப் பத்தாம் நம்பர்க்காரன் பந்து வாங்க விடாம அவனுக்குப் பக்கத்தில நில்லு, பந்து எங்களுக்கு வந்ததும் திரும்ப முன்னுக்கு ஓடு" என்று சொல்லி அனுப்புங்கள்.