2பி-ல காணாம போன 21,600 ரூபா

திருப்பூர்ல சின்னதா ஒரு ஸ்டிச்சிங் யூனிட் வச்சிருக்கேன். போன வருஷம் 1,20,000 ரூபாய்க்கு மெஷின் ஸ்பேர் வாங்கினேன், 18% ஜிஎஸ்டி 21,600, பில்லும் கையில இருக்கு, பணமும் கொடுத்தாச்சு, ஆனா 3பி (மாசாமாசம் வரி கட்டற ரிட்டர்ன்) போட உக்காந்தா 2பி-ல, அதாவது சப்ளையருங்க எங்க பேர்ல ஏத்தின பில்லையெல்லாம் காட்டற ஜிஎஸ்டி போர்ட்டல் லிஸ்ட்ல, அந்த பில்லே இல்ல. அதுல இருந்தாத்தான் கொடுத்த 21,600-ஐ நாங்க கட்ட வேண்டிய வரில கழிச்சுக்கலாம், அதத்தான் கிரெடிட்னு சொல்றது. வயிறு கலங்கிடுச்சுங்க, அது எங்க ரெண்டு டெய்லரோட சம்பளம்.

பில்ல கையில வச்சிட்டு எங்க ஜிஎஸ்டி நம்பரோட 15 எழுத்தையும் ஒவ்வொண்ணா பார்த்தேன், சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் சப்ளையருக்கு போன் போட்டு, "அண்ணா, நீங்க போட்ட ஜிஎஸ்டிஆர்-1-ல இந்த பில் யார் பேர்ல இருக்குன்னு மட்டும் பார்த்து சொல்லுங்க"ன்னு கேட்டேன். ஜிஎஸ்டிஆர்-1-ங்கறது அவர் வித்த பில்லையெல்லாம் காட்டற ரிட்டர்ன், அதுல இருந்துதான் எங்க 2பி-க்கு பில் வரும். எங்க பேர் மாதிரியே இருக்கற இன்னொரு பார்ட்டிய டேலில (கணக்கு எழுதற சாஃப்ட்வேர்) செலக்ட் பண்ணி ஏத்திருக்காங்க!

அந்த மாசம் கிரெடிட் எடுக்காம கைக்காச கட்டிட்டேன். 2பி-ல இல்லாதத தைரியமா எடுத்துட்டு அப்புறம் நோட்டீஸ், வட்டின்னு அலையறது வேண்டாம்னு தோணுச்சு. அடுத்த மாச ஜிஎஸ்டிஆர்-1-ல சப்ளையர் 9ஏ டேபிள்ல (முன்னாடி போட்ட பில்ல திருத்தற இடம்) திருத்தினாரு, 14-ம் தேதி 2பி வந்ததும் முதல் வேலையா பார்த்தேன், பில் வந்திருந்துச்சு.

இப்போ மாசாமாசம், ஜிஎஸ்டிஆர்-1 போட கடைசி நாளான 11-ம் தேதிக்கு முன்னாடியே பெரிய பில்லுக்கெல்லாம் சப்ளையருக்கு வாட்ஸ்அப்ல எங்க நம்பரோட ஒரு மெசேஜ் போட்டுடுவேன். ஒரு நிதியாண்டு பில்லுக்கு, அந்த வருஷம் மார்ச்ல முடிஞ்சப்புறம் வர்ற நவம்பர் 30 தான் கடைசி, அதுக்குள்ள திருத்தலன்னா கிரெடிட் போனது போனதுதான்.