நரைத்துப்போன ஃபைபர் படகுக்கு மறுபடியும் மினுக்கு ஏற்றுவது

கிரியான் ஆற்றில் உடாங் காலா என்ற பெரிய ஆற்று இறால் பிடிப்பதற்காக நான் வாங்கிய படகு, பலர் கைமாறி வந்தது. 16 அடி ஃபைபர். கருநீலம் என்று சொல்லித்தான் விற்றார்கள். பினாங்கில் எங்கள் ஊரான நிபோங் திபாலுக்கு இழுத்து வந்து வீட்டுக் கொட்டகையில் நிறுத்திப் பார்த்தால், திருநீறு பூசியதுபோல் உடம்பெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. கையை வைத்துத் தேய்த்தேன், உள்ளங்கை முழுக்க வெள்ளை மாவு. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, படகுக்கும் நரைச்சுடுச்சா?" என்றார்.

அந்த மாவு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு இல்லை, படகின் மேல்தோலே உதிர்வதுதான். ஃபைபர் படகு செய்யும்போது அச்சுக்குள் முதலில் நிறம் கலந்த பாலியஸ்டர் ரெசினை அடிப்பார்கள். அதுதான் ஜெல்கோட். அதன் பின்னால்தான் கண்ணாடி நார் அடுக்குகள் வரும். நம் ஊர் வெயிலின் புற ஊதாக் கதிர் வருடக்கணக்கில் பட்டுப்பட்டு அந்த ரெசின் சிதைகிறது. வழவழப்பு போய் நுண்ணிய குழிகள் விழுகின்றன. வெளிச்சம் நேராகத் திரும்பாமல் சிதறுவதால் வெளுப்பாகத் தெரிகிறது. நீலம், சிவப்பு போன்ற அழுத்தமான நிறங்களில் இது சீக்கிரம் கண்ணில் படும். வெள்ளைப் படகுக்காரர்கள் பல வருடம் தெரியாமலே ஓட்டிவிடலாம்.

ஜெல்கோட்டின் கனம் சுமாராக அரை மில்லிமீட்டர்தான். நாம் ஒவ்வொரு முறை மினுக்கும்போதும் அதிலிருந்து கொஞ்சம் எடுக்கிறோம். என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பல வருடம் பால் வெட்டியவர். பட்டையை வெற்றிலைக் கனத்துக்குச் சீவ வேண்டும், கத்தி உள்ளே இறங்கினால் மரம் காயமாகி அந்த இடம் முண்டு முண்டாகிவிடும் என்பார். ஜெல்கோட் வேலையும் அச்சு அசல் அதேதான். மிக மென்மையான முறையில் தொடங்குங்கள். அது போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி கடுமையாகப் போங்கள்.

முதலில், இந்தப் படகு தேறுமா என்று பாருங்கள். ஒரு துணியை நனைத்து வெளுத்த இடத்தில் தடவுங்கள். ஈரமாக இருக்கும் வரை பழைய நிறம் பளிச்சென்று வந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஈரத்திலும் மங்கலாகவே இருந்தாலோ, நாரின் பின்னல் தெரிந்தாலோ, தேய்த்துப் பயனில்லை. அந்தப் படகுக்கு வேண்டியது புதுப் பூச்சு.

அப்புறம் கழுவல். சவர்க்காரத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். தண்ணீர் மட்டத்தையொட்டி டீ டம்ளரில் படிவதுபோல் ஒரு மஞ்சள் கறை இருக்கும். இலை தழை ஊறிய ஆற்றுத் தண்ணீர் விட்டுப்போவது அது. சவர்க்காரத்துக்கு அசையாது, ஆக்ஸாலிக் அமிலம் கலந்த மருந்துக்குப் போய்விடும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு தடவுங்கள், காய விடாமல் அலசிவிடுங்கள். டிரெய்லர் இரும்பில் பட விடாதீர்கள். கடைசியாக அசிட்டோன் நனைத்த துணியால் ஒரு இழுப்பு இழுத்துப் பழைய மெழுகை எடுத்துவிடுங்கள். சீக்கிரம் தீப்பற்றக்கூடிய சாமான் அது. பக்கத்தில் சிகரெட் பிடிப்பவர் இருந்தால் முதலில் அவரை அனுப்பிவிடுங்கள்.

இப்போது சோதனை. முழுப் படகிலும் கை வைக்காதீர்கள். கண்ணில் படாத ஒரு மூலையில் ஓர் அடிச் சதுரம் மட்டும் எடுத்து, காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை போட்டு பாலிஷ் மெஷினால் தேய்த்துப் பாருங்கள். மினுக்கு வந்துவிட்டதா? உப்புத்தாளைத் தொடவே வேண்டாம். வரவில்லை என்றால்தான் தாள்.

என் படகுக்குத் தாள் தேவைப்பட்டது. 1000, 1500, 2000 என்று மூன்று எண்களில் (எண் கூடக் கூடத் தாள் சன்னம்), தண்ணீரில் ஊற வைத்து, ரப்பர் கட்டையில் சுற்றிக் கையாலேயே தேய்த்தேன். வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு சவர்க்காரம் விட்டால் தாள் வழுக்கிக்கொண்டு போகும். இன்னும் மோசமான படகுக்கு 800இல் தொடங்குவார்கள். ஈர வேலைக்குக் கரண்ட்டில் ஓடும் மெஷினைக் கொண்டுவராதீர்கள். பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுவிட்டு, கோடு மறையும் வரை மட்டும் தேய்த்தால் எங்கும் ஒரே அளவாக வரும். 1000 போட்ட கீறலை 1500 முழுசாக அழிக்க வேண்டும், அதன் கீறலை 2000 அழிக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கடைசியில் வெயிலில் கொண்டுபோய் நிறுத்தும்போது கருநீலத்தில் ஒவ்வொரு கோடும் சிரிக்கும்.

தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பும் நேரத்திலேயே நானும் தொடங்கிவிடுவேன். பத்து, பதினோரு மணிக்கு மேல் படகின் உடம்பு சூடாகி காம்பவுண்ட் உடனே காய்ந்துவிடும். பிற்பகலில் மழை. ஆக, நிழலும் காலையும்தான் நமக்கு.

மெஷினுக்குக் கம்பளிப் பஞ்சு மாட்டுங்கள். வேகம் நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்று போதும். இரண்டடிச் சதுரமாக எடுத்துக்கொண்டு, காம்பவுண்டை முதலில் மெதுவான சுற்றில் பரப்பி, அப்புறம் வேகம் கூட்டி, ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். பஞ்சு அடைத்துக்கொண்டால் கெட்டியான பிரஷால் வாரிவிடுங்கள். முகமூடி கட்டாயம். கொட்டகையில் நீலத் தூசி பறந்து, நான் சளி சிந்தினால்கூட நீலமாக வந்தது.

என் காயம் எங்கே பட்டது என்று சொல்லிவிடுகிறேன். மச்சான் கார் பட்டறையில் வேலை செய்கிறார், மெஷின் அவருடையது. "விளிம்புக்கு டேப் ஒட்டுங்க மாமா" என்று சொன்னார். படகுதானே, காரா என்று நினைத்தேன். முன்மூக்கின் கூரான விளிம்பில் ஒரு நொடி அழுத்தினேன். நீலம் போய் அடியில் பச்சைவாக்கில் நார் அடுக்கு தெரிந்துவிட்டது. நீல ஜெல்கோட் கலந்து ஒட்டுப் போட்டேன், நிறம் இன்றுவரை சேரவில்லை. விளிம்புகளில் டேப் ஒட்டுங்கள். மெஷின் விளிம்பை விட்டு வெளியே போகும் பக்கமாகச் சுற்றட்டும், விளிம்புக்குள் ஏறக் கூடாது. கூரான இடங்களைக் கையாலேயே செய்யுங்கள்.

காம்பவுண்ட் முடிந்ததும் ஸ்பாஞ்சு மாட்டி, சன்னமான பாலிஷ் ஒரு முறை. கம்பளி விட்ட வட்டக் கோடுகள் இதில்தான் போகும். வெள்ளைப் படகாக இருந்தால் இதை விட்டுவிட்டாலும் யாருக்கும் தெரியாது.

இந்த நேரத்தில் படகு புதுசுபோல் மினுக்கும், பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். திறந்துவிட்ட ஜெல்கோட் மெழுகில்லாமல் வெயிலில் நின்றால் சில மாதங்களில் மறுபடியும் மங்கத் தொடங்கும். படகுக்கென்று விற்கும் மெழுகை மெல்லிசாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, மறுநாள் இன்னொரு பூச்சு போடுங்கள். தடவியதும் பளபளக்கும் சிலிகான் கலந்த மலிவு பாலிஷ் எனக்குப் பிடிக்காது. அது வெளுப்பை மறைக்கும், அவ்வளவுதான். பின்னால் ஒட்டுப் போடவோ பெயின்ட் அடிக்கவோ நினைத்தால், அந்தச் சிலிகான் புதுப் பூச்சைப் பிடிக்க விடாது.

சொரசொரப்பாக விட்டிருக்கும் தளத்தில் மட்டும் மெழுகு பூசாதீர்கள், இறால் வாளியோடு வழுக்கி விழுவீர்கள். தண்ணீருக்கு அடியில் பாசிக்கு அடித்த பெயின்ட்டையும் தேய்க்காதீர்கள்.

என் படகு கொட்டகையில் நிற்பதால் தைப்பூசத்துக்கு ஒருமுறை, ஆடியில் ஒருமுறை மெழுகு போடுகிறேன். வெயிலில் நிற்கிற படகுக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வேண்டியிருக்கும். மேலே தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: தாமரை இலையில் நிற்பதுபோல் முத்து முத்தாக நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது, தட்டையாகப் பரவினால் டப்பாவை எடுக்கலாம்.