விஸ் தீவருகே எஞ்சின் சூடேறியபோது

குரோஷியாவின் ஸ்பிளிட் துறைமுகத்தில் வாடகைக்கு எடுத்த பாய்மரப் படகில் நானும் மனைவியும் ஹ்வார் தீவில் தங்கிவிட்டு விஸ் துறைமுகத்தை நெருங்கியபோது, எஞ்சினின் வெப்ப எச்சரிக்கை ஒலித்தது. எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் புகையோடு வெளியே கொட்ட வேண்டிய கடல்நீர் வரவில்லை என்பதை மனைவிதான் முதலில் கவனித்தார். எஞ்சினை நிறுத்தி, முன்பாயை விரித்துக் கரையிலிருந்து விலகினோம்; அந்த நேரத்தில் பாய்தான் பாதுகாப்பு. கடல்நீர் வால்வை மூடி வடிகட்டியைத் திறந்து பார்த்தேன். அதில் அடைப்பு இல்லை. கடல்நீரை இழுக்கும் பம்பின் மூடியைக் கழற்றியபோது, உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் இரண்டு இதழ்கள் முறிந்திருந்தன. புதியதைப் பொருத்துவது எளிது. முறிந்த துண்டுகளைத் தேடி எடுப்பதே முக்கியம், ஏனெனில் அவை எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் வெப்பப் பரிமாற்றியில் சிக்கினால் நீரோட்டம் மீண்டும் தடைப்படும். ஒன்று பம்பிலும் மற்றொன்று குழாயின் வளைவிலும் கிடைத்தன. இம்பெல்லர் வறண்டு சுழன்றால் விரைவில் கெட்டுவிடும் என்பதால், வால்வைத் திறந்த பின்பே எஞ்சினை இயக்கினேன். நீர் சீராகக் கொட்டியது.