நீச்சல் குளத்தின் பூச்சு வேறு நிறத்தில் அமைந்துவிட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் டெக்சாஸ், அரிசோனா போன்ற வெயில் மிகுந்த மாநிலங்களில் வீட்டின் பின்புறம் நீச்சல் குளம் கட்டிக்கொள்வது பரவலான வழக்கம். பல வாரங்கள் நீளும் அந்த வேலையில் உட்பூச்சு ஏறக்குறைய கடைசிக் கட்டம். வெள்ளைச் சிமென்ட்டுடன் சலவைக்கல் தூளோ குவார்ட்ஸோ பொடிக் கூழாங்கல்லோ கலந்து, நிறமி சேர்த்து, ஏறக்குறைய அரை அங்குலக் கனத்தில் ஒரே நாளில் பூசி முடித்துவிடுவார்கள். வெளிர் மணல் நிறம் கேட்டிருக்க, கருஞ்சாம்பல் நிறம் பூசப்பட்டிருப்பதை மாலையில் பார்க்கும் வீட்டுக்காரருக்குக் கோபம் வருவது நியாயமே. ஆனால் அந்தக் கோபத்தில் செய்யும் காரியங்கள் நல்ல பூச்சையும் கெடுத்துவிடக்கூடும்.

அவற்றுள் முதலாவது, பூச்சு முடிந்தபின் குளத்தில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருக்கும்போது குழாயை மூடிவிடுவது. குழாய் முனையில் துணியைச் சுற்றி, குளத்தின் ஆழமான இடத்தில் வைத்து, மேல் விளிம்பை ஒட்டிப் பதித்த ஓட்டு வரிசை வரை இடைவிடாமல் நிரப்ப வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. பாதியில் நிறுத்தினால், நின்ற மட்டத்தில் வளையம்போல ஒரு கோடு நிரந்தரமாகப் படிந்துவிடும். அதற்கு மேலே இருக்கும் ஈரப் பூச்சு வெயிலில் காய்ந்து மயிரிழை விரிசல் விடவும் கூடும். நிறம் தவறாகவே இருந்தாலும் நிரப்பி முடித்த பிறகுதான் பேச வேண்டும்.

அடுத்த தவறு, முதல் வாரத்திலேயே நிறத்தைத் தீர்மானிப்பது. சிமென்ட் இறுகும்போது அதிலிருந்து கால்சியம் ஹைட்ராக்சைடு வெளியேறி, வெண்தூளாகப் பரப்பில் படிகிறது. அடர்ந்த நிறங்கள் அதனால் வெளிறியும் திட்டுத்திட்டாகவும் தெரியும். நாள்தோறும் பிரஷ் போட்டுத் தேய்த்து, நீரின் பிஎச் (அமில, காரத் தன்மை) அளவைக் கட்டுக்குள் வைத்து, குறைந்தது 28 நாட்களாவது பொறுத்திருந்து பார்க்க வேண்டும். கையில் இருக்கும் உலர்ந்த மாதிரித் துண்டை வைத்து ஒப்பிடுவதும் ஏமாற்றும். சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதலில் உறிஞ்சிவிடுவதால் ஆழம் கூடக்கூட நீலம் ஓங்கும். மணல் நிறத் தரை நீரைப் பசுமையாகவும், சாம்பல் தரை கருநீலமாகவும் காட்டும். மாதிரித் துண்டை முதல் படிக்கட்டில், நீருக்கடியில், நண்பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதே சரியான ஒப்பீடு.

ஆனால் சான்று விஷயத்தில் பொறுமை கூடாது. பூச்சுக் கலவை பைகளில் வருகிறது. பையின் மேல் நிறத்தின் பெயரும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். மாலைக்குள் காலிப் பைகளைக் குப்பையோடு ஏற்றிச் சென்றுவிடுவார்கள் என்பதால் அன்றே படம் எடுத்து, ஒப்பந்தத்தில் எழுதிய நிறத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பையில் இருக்கும் பெயர் வேறாக இருந்தால் அது ஒப்பந்தக்காரரின் பிழை; பெயர் சரியாக இருந்து தோற்றம் மட்டும் ஏமாற்றினால் வாதம் பலவீனமாகிவிடும். இது தீரும்வரை பூச்சுக்குரிய கடைசித் தவணையைக் கொடுத்துவிட வேண்டாம்.

“ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறம் மாறிவிடும்”, “மேலே பெயிண்ட் அடித்துத் தருகிறோம்” என்ற பேச்சுகளை ஏற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆசிட் சிமென்ட்டைக் கரைத்துப் பரப்பைச் சொரசொரப்பாக்கி ஆயுளைக் குறைக்குமே தவிர, நிறமியை மாற்றாது. பெயிண்ட் சில ஆண்டுகளில் உரிந்து, பிறகு பூச வேண்டியவருக்கு அதைச் சுரண்டி எடுக்கும் கூடுதல் வேலையையும் வைத்துவிடும்.

மறுபூச்சு என்பதும் எளிதல்ல. வழவழப்பான புதுப் பூச்சின் மேல் அப்படியே இன்னொன்றைப் பூசினால் பிடிமானம் இராது. சில காலத்தில் தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றிடமாக ஒலிக்கும், பிறகு பெயர்ந்து வரும். பழையதை முழுவதும் கொத்தி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சொரசொரப்பாக்கிப் பிணைப்புப் பூச்சு இட வேண்டும். விளக்கு, வடிகால், ஓட்டு வரிசை ஆகியவற்றின் ஓரத்திலுள்ள பழைய பூச்சை வெட்டி இறக்கியாக வேண்டும். இதற்காகக் குளத்தைக் காலி செய்யும்போது, ஹூஸ்டன்போல நிலத்தடி நீர் உயர்ந்த ஊர்களில், மழைக்குப் பிந்தைய நாட்களில் நீர் அழுத்தமே கான்கிரீட் தொட்டியை மேலே தூக்கிவிடும் ஆபத்து உண்டு. அந்த அழுத்தத்தைத் தணிக்கக் குளத்தின் அடியிலுள்ள வால்வைத் திறக்கத் தெரிந்தவர் மட்டுமே அதைச் செய்யலாம்.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகும், ஆழப்பகுதியின் தரையும் வடிகால் மூடியும் மேலிருந்து தெளிவாகத் தெரியாத அளவுக்கு நிறம் கருமையாகி, வீட்டில் சிறு குழந்தைகளும் இருந்தால், மறுபூச்சை வலியுறுத்துவதில் தயங்க வேண்டாம். மூழ்கிக் கிடப்பவரைக் கண்டுபிடிக்க அந்தத் தெளிவே உதவும். வேறுபாடு சிறிதாகவும் பூச்சு பழுதற்றதாகவும் இருந்தால் பணத்தில் கணிசமான கழிவு பெறுவது மேல். அப்போது கழிவுத் தொகையோடு, பூச்சின் உத்தரவாதம் எந்தக் குறைப்புமின்றி முழுமையாகத் தொடரும் என்பதையும் எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.