ஸ்பானிஷ் பாடம்: பேச்சுக்கும் 25 சதவீதம் இருக்கிறது

சென்னையில் இப்போது நிறைய பிள்ளைகள் ஸ்பானிஷ் எடுக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. (10ஆம் வகுப்பு அளவிலான சர்வதேசத் தேர்வு) என்றால் கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல் நான்குக்கும் தலா 25 சதவீதம். வீட்டில் நடப்பதோ பெரும்பாலும் நோட்டில் எழுதிப் பார்ப்பது மட்டும்தான்.

பேச்சுத் தேர்வு சுமார் 10 நிமிடம்: ஒரு ரோல் ப்ளே (ஒரு சூழ்நிலையில் இருப்பதுபோல் நடித்துப் பேசுவது), இரண்டு தலைப்புகளில் உரையாடல். "சி" (ஆமாம்), "நோ" (இல்லை) என்று ஒற்றை வார்த்தையோடு நிறுத்தினால் மார்க் ஏறாது. பதிலோடு காரணமும் சொல்லப் பழக்குங்கள். "மே குஸ்தா லா ப்லாயா போர்கே..." (எனக்கு பீச் பிடிக்கும், ஏனென்றால்...) என்று ஆரம்பித்து, பெசன்ட் நகர் பீச் ஏன் பிடிக்கும் என்று முடிக்கட்டும். போன வாரம் போனது, அடுத்த வாரம் போகப்போவது என்று காலத்தை மாற்றியும் கேளுங்கள். உங்களுக்கு ஸ்பானிஷ் தெரிய வேண்டியதே இல்லை. கேள்வி தமிழில், பதில் ஸ்பானிஷில். போனில் ரெக்கார்டு செய்து போட்டுக் காட்டுங்கள், எங்கே திணறுகிறோம் என்று பிள்ளைக்கே புரியும். இது உண்மையிலேயே பலன் தரும்.

சி.பி.எஸ்.இ. 10ஆம் வகுப்பில் கணக்கு வேறு: எழுத்துத் தேர்வு 80, உள்மதிப்பீடு 20. அந்த 20-க்கான வேலைகளை வருடக் கடைசிவரை தள்ளிப்போட விடாதீர்கள்.