24எல்சி256 ஈஈப்ராம் (மின்சாரம் போனாலும் தரவு அழியாத நினைவகம்) சிப்பில் தரவு எழுதுவது எப்படி?

8ஆம் காலுக்கு 3.3 அல்லது 5 வோல்ட், 4ஆம் காலுக்கு கிரவுண்ட். இந்த இரண்டு கால்களுக்கும் இடையே, சிப்பை ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். எஸ்டிஏ (தரவுக் கம்பி) 5ஆம் கால், எஸ்சிஎல் (கடிகாரக் கம்பி) 6ஆம் கால், இரண்டுக்கும் 4.7 கிலோ ஓம் புல்-அப் (கம்பியை 8ஆம் காலின் வோல்டேஜோடு இணைக்கும் ரெசிஸ்டர்) கட்டாயம். 1, 2, 3, 7 கால்களையும் கிரவுண்டில் சேருங்கள்.

பலரும் சறுக்குவது பக்க எல்லையில்தான். பக்கம் என்பது சிப் ஒரே தடவையில் எழுதக்கூடிய நினைவகப் பகுதி; ஒரு பக்கம் 64 பைட். 60ஆம் முகவரியில் தொடங்கி 10 பைட் அனுப்பினால், கடைசி 6 பைட் அடுத்த பக்கத்துக்குப் போகாது. அதே பக்கத்தின் தொடக்கத்துக்குச் சுற்றிவந்து அங்கிருந்த தரவை அழித்துவிடும். அதனால் எல்லையில் உடைத்து இரண்டு தடவையாக எழுதுங்கள். ஆர்டுயினோ உனோ ஆர்3 போர்டில், இந்தச் சிப்போடு பேச உதவும் வயர் லைப்ரரியின் பஃபரே (அனுப்புமுன் தரவு தங்கும் இடம்) 32 பைட்தான். முகவரிக்கு 2 போக, ஒரு தடவையில் தரவுக்கு மிச்சம் 30.

எழுதி முடிக்க 5 மில்லிசெகண்ட் வரை ஆகும். அதுவரை சிப் ஏக் (கிடைத்தது என்ற பதில் சிக்னல்) தராது, பழுதென்று நினைத்துவிடாதீர்கள். வெறும் டிலே போடுவதைவிட, ஏக் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்பதே மேல்.