மின்வெட்டு நாளில் பவர் பேங்க் நீடிக்க

புயல் மழையில் மின்சாரம் நின்றுவிட்டால், பவர் பேங்க்கில் இணைக்கும் முன் கைபேசியை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். பேச வேண்டிய நேரத்தில் மட்டும் அதை விலக்குங்கள். டவர்கள் முடங்கி சிக்னல் ஒரு கோட்டுக்குக் குறையும்போது, எட்டாத டவரைத் தேடித் தேடியே கைபேசி பேட்டரியைத் தீர்க்கும் என்பதால், ஏற்றுகிற சார்ஜில் ஒரு பகுதி அப்போதே வீணாகிறது. மேலும், பவர் பேங்க்கின் மேல் 10,000 எம்ஏஎச் என்று அச்சிட்டிருப்பது உள்ளே உள்ள 3.7 வோல்ட் செல்லின் கொள்ளளவு. அதை 5 வோல்ட்டாக உயர்த்தித் தரும்போது நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 6,000 தான்.

வெள்ள எச்சரிக்கையை எதிர்பார்த்திருப்பவர்களும், வீட்டில் நோயாளியோ கர்ப்பிணியோ இருப்பவர்களும் கைபேசியை ஏரோபிளேன் மோடில் போட வேண்டாம். அவர்களுக்கு அழைப்பு தவறாமல் வருவதே முக்கியம். அவ்வீட்டில் இரண்டு கைபேசிகள் இருந்தால், சிக்னல் நன்றாகக் கிடைப்பதை இயக்கத்தில் வைத்து மற்றதை அணைத்துவிடலாம்.